நகரக் காவல்துறைச் சம்பள ஒப்பீடு (கலிஃபோர்னியா): மூன்று இடத்தில் மூன்று எண், எதை எடுப்பது?

பொதுநிர்வாக மாணவி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பொது நிர்வாகம் முதுகலை, கடைசிப் பருவம். ப்ராஜெக்ட்டாகக் கிடைத்தது ஒரு நடுத்தர நகரத்தின் காவல்துறைச் சம்பள ஆய்வு. கைது அதிகாரமுள்ள காவலர்கள் சுமார் 60 பேர். சுற்றியுள்ள 12 நகரங்களோடு சம்பளத்தையும் சலுகைகளையும் ஒப்பிட்டு, இந்த நகரம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று நகர மேலாளருக்கு அறிக்கை தர வேண்டும். நம்மூர் போல ஊதியக்குழு போட்டு மாநிலம் முழுக்க ஒரே அட்டவணை என்றால் பத்து நிமிட வேலை. இங்கே ஒவ்வொரு நகரமும் தன் காவலர் சங்கத்தோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது.

சிக்கல்கள் இவை:

1. ஒரே நகரத்துக்கு வேலை விளம்பரத்தில் ஓர் எண், மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் பொதுச் சம்பளத் தளத்தில் அதைவிட மிக அதிகமாக ஓர் எண், மத்தியத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் (பி.எல்.எஸ்.) வட்டார அட்டவணையில் மூன்றாவது எண். எதை நம்புவது?

2. பென்ஷனுக்கு நகரம் கட்டும் தொகையைச் சேர்த்தால் வரிசையே தலைகீழாகிறது. சேர்ப்பதா, வேண்டாமா?

3. ஓவர்டைமைச் சம்பளத்தில் சேர்க்கலாமா?

4. பேராசிரியர் வேறு மாநில நகரங்கள் ஒன்றிரண்டையும் சேர்க்கச் சொல்கிறார். அதில் கவனிக்க வேண்டியது என்ன?

---

கணக்குப்பிள்ளை பதில்:

முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று எண்ணும் சரிதான், அளப்பதுதான் வேறு வேறு.

பி.எல்.எஸ். அட்டவணையில் ரோந்துக் காவலர்களின் தொழில் குறியீடு 33-3051. சார்ஜென்ட் வகை மேற்பார்வையாளர்கள் 33-1012. 2023 மே கணக்கில் ரோந்துக் காவலர்களின் நாடளாவிய இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் விழும்) ஆண்டுச் சம்பளம் 72,280 டாலர். இதில் ஓவர்டைம், ஷிப்ட் படி, ஆண்டிறுதி போனஸ் எதுவும் கிடையாது. அடிப்படைச் சம்பளமும் ஆபத்துப் படி போன்ற சிலவும்தான் உண்டு. அது மட்டுமல்ல, ஆறு அரையாண்டுச் சுற்றுகளில், அதாவது மூன்று ஆண்டுகளில் திரட்டிய தரவு அது. போன ஜூலையில் பக்கத்து நகரம் கொடுத்த 6% உயர்வு அதில் கரைந்துதான் தெரியும். நகரவாரியாகவும் வராது. அறிக்கையின் முன்னுரையில் பின்னணிக்காக ஒரு வரி எழுதப் பயன்படும், ஒப்பீட்டுக்கு உதவாது.

மாநிலக் கட்டுப்பாட்டாளரின் தளம் 2010-இல் பெல் நகரச் சம்பள ஊழல் வெடித்த பிறகு வந்தது. அதில் இருப்பது ஒரு காலண்டர் ஆண்டில் உண்மையில் கைமாறிய பணம். ஆண்டுச் சம்பள வரிப் படிவமான டபிள்யூ-2-இன் ஐந்தாம் கட்டத் தொகை. ஓவர்டைம், விடுப்பை விற்ற பணம், ஓய்வு பெற்றவருக்குக் கொடுத்த மொத்தத் தொகை எல்லாம் உள்ளே. அக்டோபரில் சேர்ந்தவரின் மூன்று மாதச் சம்பளமும் ஒரு வரிசையாக நிற்கும், 28 வருடம் முடித்து ஜனவரியில் விடுப்பெல்லாம் காசாக்கிக்கொண்டு போனவரும் ஒரு வரிசையாக நிற்பார். இதற்குச் சராசரி போட்டால் அது யாருடைய சம்பளமும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் நகரங்களில் சில ஆண்டுகளில் 27 சம்பள நாள் விழும். அந்த ஆண்டு மட்டும் 3.8% உயர்ந்தது போலத் தோன்றும்.

வேலை விளம்பரம் பெரும்பாலும் பழையது, அல்லது எல்லாப் படிகளையும் சேர்த்து "இவ்வளவு வரை" என்று ஊதிக் காட்டுவது.

எடுக்க வேண்டியது இரண்டே ஆவணம். ஒன்று, கால்பெர்ஸ் (கலிஃபோர்னிய அரசு, உள்ளாட்சி ஊழியர்களின் பென்ஷன் அமைப்பு) விதி 570.5-இன்படி நகர மன்றம் பொதுவெளியில் நிறைவேற்றி வெளியிட வேண்டிய சம்பள அட்டவணை. எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அதிலேயே இருக்கும். இரண்டு, காவலர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமும் அதன் பின்னிணைப்புக் கடிதங்களும். பின்னிணைப்பை விட்டுவிட்டால் போச்சு. பாதி ஒப்பந்தங்களில் உண்மையான மாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆவணம் கிடைத்ததும் "உச்சச் சம்பளம்" என்று ஒரே நெடுவரிசை போட்டு முடித்துவிடாதீர்கள். கற்பனையாக ஒரு காவலரை வைத்துக்கொள்ளுங்கள்: பட்டதாரி, காவலர் தரநிலை ஆணையமான போஸ்ட் தரும் மேம்பட்ட சான்றிதழ் உள்ளவர், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பவர், 2013-க்குப் பிறகு பணிக்கு வந்தவர். அந்த ஒரே ஆளைப் 13 நகரத்திலும் உட்காரவைத்து, 1, 5, 10, 15, 20 ஆண்டு முடிவில் என்ன வாங்குவார் என்று கணக்கிடுங்கள். ஐந்து ஸ்டெப் (சம்பளப் படிநிலை), ஒவ்வொன்றுக்கும் 5% இடைவெளி என்றால் அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் 21.55% வித்தியாசம். ஒரு நகரம் அதை நான்கு ஆண்டில் ஏற்றிவிடும், இன்னொன்று எட்டு ஸ்டெப்பாக நறுக்கி இழுக்கும். உச்சத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் என்னுடையவை, வடிவம் நிஜம். பத்தாவது ஆண்டுக் காவலர், மாதக் கணக்கு:

நகரம் அ: அடிப்படை 9,200. போஸ்ட் மேம்பட்ட சான்றிதழுக்கு 10%, அதாவது 920. பத்தாண்டுப் பணிமூப்புப் படி 3%, 276. பண்டிகை விடுமுறைக்குப் பதில் பணம்: ஆண்டுக்கு 104 மணி நேரம், ஆண்டு வேலை நேரமான 2,080-இல் 5%, 460. யூனிஃபார்ம் படி 100. மருத்துவத்துக்கு நகரத்தின் பங்கு 1,900. மொத்தம் 12,856.

நகரம் ஆ: அடிப்படை 9,600. போஸ்ட் படி மொத்தமாக 400. பணிமூப்புப் படி இல்லை. பண்டிகைக்குப் பணம் இல்லை, 104 மணி நேரம் விடுப்புக் கணக்கில் சேரும். யூனிஃபார்ம் 90. மருத்துவம் 2,300. மொத்தம் 12,390.

அடிப்படையில் ஆ 4.3% மேலே. மொத்தத்தில் அ மேலே. இத்தோடு நிறுத்தக் கூடாது, மணி நேரத்தைப் பாருங்கள். அ-வில் நாலு நாள் பத்து மணி ஷிப்ட், ஆண்டுக்கு 2,080 மணி. ஆ-வில் 14 நாளில் ஏழு ஷிப்ட், ஒவ்வொன்றும் 12 மணி, ஆக 84. அதே மாதச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,184 மணி. இரண்டிலும் வருடாந்திர விடுப்பு 160 மணி. ஆ-வில் பண்டிகை விடுப்பு 104-ஐயும் கழித்தால் இரண்டு பேரும் வேலையில் நிற்பது 1,920 மணி நேரம்தான். உழைத்த ஒரு மணிக்கு அ 80.35 டாலர், ஆ 77.44. இப்போது அ 3.8% மேலே. விளம்பரத்தில் பார்த்தது தலைகீழாகிவிட்டது.

கவனிக்க: 84 மணியில் கடைசி நான்கு மணிக்கு ஒப்பந்தத்தில் தனியாகப் பணம் தருகிறார்களா என்று தேடுங்கள். தந்தால் ஆ-வின் கணக்கு மாறும். பண்டிகை ஒரு நாளைக்கு எட்டு மணியா, பத்தா என்பதும் அப்படியே. 13 நாளுக்கு எட்டு மணி என்றால் 104, பத்து மணி என்றால் 130, அதாவது 6.25%. சதவீதப் படிகள் அடிப்படை மீதா, முந்தைய படியும் சேர்ந்த தொகை மீதா என்பதையும் ஒப்பந்த வாசகத்தில் பார்த்துவிடுங்கள்.

---

பெப்ரா பெருமாள் பதில்:

இரண்டாவது கேள்வி. நிதித்துறை கொடுத்த சதவீதத்தை அப்படியே ஒட்டினால் ஆய்வு அங்கேயே செத்தது.

நகரம் கால்பெர்ஸுக்குக் கட்டுவது இரண்டு தனிப் பணம். ஒன்று, இந்த ஆண்டு வேலை பார்த்த காவலர் இந்த ஆண்டு ஈட்டிய பென்ஷன் உரிமைக்கான செலவு. பென்ஷன் கணிப்பாளரின் (ஆக்சுவரி) அறிக்கையில் "நார்மல் காஸ்ட்" என்று சம்பளத்தின் சதவீதமாகப் போட்டிருக்கும். மற்றது, கடந்த காலப் பற்றாக்குறைக்கான தவணை. அது சதவீதமாக இல்லாமல் டாலர் தொகையாகத் தனியே வரும். முதலீட்டில் வந்த நஷ்டம், வட்டி அனுமானத்தைக் குறைத்தது, 1999-க்குப் பிறகு அள்ளிக் கொடுத்த "50 வயதில் 3%" சூத்திரம் (50 வயதில் ஓய்வு பெற்றால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தில் 3% பென்ஷன்), ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் எல்லாருக்குமான கடன் அது. இன்று ரோந்து வண்டியில் இருப்பவருக்கு அதில் ஒரு காசு கூடுதலாக வராது. பற்றாக்குறையை அடைக்க ஒரு நகரம் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால் அதன் தவணை கால்பெர்ஸ் கணக்கிலிருந்து மறைந்து கடன் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்போது அந்த நகரத்தின் பென்ஷன் செலவு குறைவு போலத் தெரியும், காவலர்களுக்கோ அதே பென்ஷன். எனவே ஒப்பீட்டு அட்டவணையில் நார்மல் காஸ்ட் மட்டும். பற்றாக்குறைத் தவணையை "நகரத்தால் கொடுக்க முடியுமா" என்ற வேறு அத்தியாயத்தில் வையுங்கள். இரண்டும் வேறு கேள்விகள்.

அடுத்து, யார் எந்தச் சூத்திரத்தில் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் அரசு ஊழியர் பென்ஷன் சீர்திருத்தச் சட்டமான பெப்ரா 2013 ஜனவரி 1 முதல் அமல். அதற்குப் பிறகு முதன்முதலாகப் பணியில் சேர்ந்தவர்களும், ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு வேறு அமைப்பில் சேர்ந்தவர்களும் "புதிய உறுப்பினர்". காவலர்களுக்கு இதில் மூன்றே சூத்திரம்: 57 வயதில் 2%, 2.5%, 2.7%. பெரும்பாலும் 2.7%-ஐத்தான் பார்ப்பீர்கள். பென்ஷனுக்கு அடிப்படை, தொடர்ச்சியான 36 மாதங்களின் உச்சச் சராசரிச் சம்பளம். நார்மல் காஸ்ட்டில் குறைந்தது பாதியைக் காவலரே கட்ட வேண்டும். அதற்கு முன்பே இருந்தவர்கள் "கிளாசிக்". அங்கே 50 வயதில் 3%, 55 வயதில் 3%, 50 வயதில் 2% என்று நகரத்துக்கு நகரம் மாறும். பல ஒப்பந்தங்களில் உச்சமான ஒரே ஆண்டுச் சம்பளம்தான் அடிப்படை.

நடைமுறையில் பாதி வேலை மிச்சமாகும் ஒரு விஷயம்: 100 பேருக்குக் குறைந்த திட்டங்களைக் கால்பெர்ஸ் ஒரே தொகுப்பில் வைக்கிறது. உங்கள் நகரமும் ஒப்பிடும் சிறு நகரங்களும் பெப்ரா 2.7% என்றால் நார்மல் காஸ்ட் சதவீதம் கிட்டத்தட்ட ஒன்றே. அப்போது அந்த நெடுவரிசை எதையும் பிரித்துக் காட்டாது. பெரிய நகரங்களிலும் கிளாசிக் காவலர்களிலும்தான் வேறுபாடு.

உண்மையில் சம்பளத்தை ஆட்டிவைப்பது காவலர் தரப்பில் பிடிப்பது. சில நகரங்களில் கிளாசிக் காவலர் தன் 9% பங்குக்கு மேல் நகரத்தின் பங்கிலும் 3% கட்டுவார். அரசுச் சட்டத் தொகுப்புப் பிரிவு 20516 அதற்கு வழி தருகிறது. கணக்குப்பிள்ளையின் நகரம் அ-வில் அப்படி இருந்தால், பென்ஷனுக்குக் கணக்காகும் 10,956 டாலரில் 3%, மாதம் சுமார் 329 டாலரைக் கழிக்க வேண்டும். எதிர்ப்பக்கம், காவலரின் பங்கையே நகரம் கட்டும் வழக்கம் கிளாசிக் காவலர்களுக்குச் சில இடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கூட்ட வேண்டும். "நகரம் ஆறு சதவீத உயர்வு கொடுத்தது" என்ற செய்தியில் மூன்று சதவீதம் இந்தப் பிடித்தத்துக்கே திரும்பிப் போயிருக்கும்.

யூனிஃபார்ம் படி கிளாசிக் காவலருக்குப் பென்ஷனில் கணக்காகும், பெப்ரா காவலருக்கு ஆகாது. சிறிய தொகைதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் இதைத் தவறாகச் சொன்னால் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவத்தை மறந்துவிடாதீர்கள். பழைய காவலருக்கு முழுக் குடும்பக் காப்பீடு, ஒரு தேதிக்குப் பின் வந்தவருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பங்கு மட்டும் என்று பல நகரங்கள் இரண்டாகப் பிரித்துவிட்டன. கால்பெர்ஸ் மருத்துவத் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சம் 2024-இல் மாதம் 157 டாலர். இரண்டு பிரிவையும் சராசரி போடாதீர்கள். ஆளெடுப்புதான் உங்கள் பிரச்சினை என்றால் புதியவருக்குக் கிடைப்பதை மட்டும் எடுங்கள்.

---

பிரிவு 7கே பதில்:

ஓவர்டைம் சம்பளம் இல்லை, கூடுதல் வேலைக்கான கூலி. மொத்தத்தில் சேர்த்தால் ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் துறைதான் "நன்றாகச் சம்பளம் தரும்" துறை என்று வந்து நிற்கும். பத்துப் பணியிடம் காலியாக இருக்கும் ஊரில் மிச்சமிருப்பவர்கள் கட்டாய ஓவர்டைமில் சம்பாதிப்பது சலுகை ஆகாது.

ஆனால் ஓவர்டைம் விதிகளை ஒப்பிடுங்கள், தொகையை அல்ல.

மத்திய நியாயத் தொழில் தரச் சட்டத்தின் 7(கே) பிரிவு காவல்துறைக்கு வாரம் 40 மணி என்ற எல்லையைத் தளர்த்துகிறது. 7 முதல் 28 நாள் வரை ஒரு வேலைச் சுற்றை நகரம் அறிவிக்கலாம். ஏழு நாளுக்கு 43, பதினாலு நாளுக்கு 86, 28 நாளுக்கு 171 மணி வரை சட்டப்படி ஓவர்டைம் இல்லை. மேலே சொன்ன 84 மணிச் சுற்று 86-க்குள் அடங்கியிருப்பது தற்செயல் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் சட்டத்தைவிடத் தாராளம்: ஷிப்ட் முடிந்த அடுத்த நிமிடத்திலிருந்தே ஒன்றரை மடங்கு.

எதன் ஒன்றரை மடங்கு? இங்கேதான் நகரங்கள் வழுக்குகின்றன. ஒப்பந்தம் தரும் கூடுதலுக்கு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுக்கலாம். சட்ட எல்லையைத் தாண்டிய மணிகளுக்குப் போஸ்ட் படி, பணிமூப்புப் படி, ஷிப்ட் படி எல்லாம் சேர்ந்த "வழக்கமான வீதம்" எடுத்தாக வேண்டும். மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்பவருக்குக் கையில் தரும் பணமும் அதில் சேரும் என்று சான் கேப்ரியல் நகரக் காவலர்கள் தொடுத்த ஃபுளோரஸ் வழக்கில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் கலிஃபோர்னியாவில் பல நகரங்கள் அந்தப் பணத்தைக் குறைத்தன, அல்லது வடிவத்தை மாற்றின. நீங்கள் பார்க்கும் ஒப்பந்தம் 2016-க்கு முந்தையது என்றால் அந்தப் பகுதி இப்போது செல்லுமா என்று விசாரியுங்கள்.

பணத்துக்குப் பதில் ஈட்டு விடுப்பு தரலாம். காவலர்களுக்குச் சட்ட உச்சவரம்பு 480 மணி, அதாவது உண்மையில் உழைத்த 320 மணி ஓவர்டைம். நகரம் தன் ஒப்பந்தத்தில் 80, 120 என்று குறைத்து வைத்திருக்கும். நிரம்பி வழிந்தால் காசாக்கும், அந்தக் காசுதான் கட்டுப்பாட்டாளர் தளத்தில் வந்து உங்களைக் குழப்புகிறது.

அட்டவணையில் இதற்கென்று மூன்று நெடுவரிசை போதும்: ஓவர்டைம் எப்போது தொடங்குகிறது, விடுமுறை நாளில் நீதிமன்றத்துக்கு அழைத்தால் குறைந்தபட்சம் எத்தனை மணிக்குப் பணம், விடுப்பில் கழிந்த நேரம் வேலை நேரமாகக் கணக்காகுமா. மூன்றாவது ரொம்ப முக்கியம். சட்டம் கணக்கில் எடுக்காது, பல ஒப்பந்தங்கள் எடுக்கும்.

பணியில் காயம்பட்டால் ஓராண்டு வரை முழுச் சம்பளம் தரும் தொழிலாளர் சட்டப் பிரிவு 4850-ஐ யாராவது "சலுகை" என்று பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். மாநிலத்துக்குள் எல்லா நகரக் காவலர்களுக்கும் அது ஒன்றுதான். ஒப்பீட்டில் இடம் வேண்டாம்.

---

பொதுநிர்வாக மாணவி:

மிக்க நன்றி. நார்மல் காஸ்ட் என்று ஒன்று தனியாக இருப்பதே நிதித்துறைத் தாளில் இல்லை, இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாகக் கொடுத்திருக்கிறார்கள். இனி ஆக்சுவரி அறிக்கையையே எடுக்கிறேன். இரண்டு சந்தேகம். 12 நகரங்களை நகர மேலாளரே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார், அதை மாற்றக் கேட்கலாமா? நெடுஞ்சாலைக் காவல் படையை (சி.எச்.பி.) 13-ஆவதாகச் சேர்க்கச் சங்கம் கேட்கிறது. சேர்க்கலாமா?

---

ஏரிக்கரை ஓஹையோ பதில்:

சி.எச்.பி. வேண்டாம், காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்புப் பிரிவு 19827 அவர்களின் சம்பளத்தைச் சூத்திரத்தில் கட்டிவைத்திருக்கிறது: லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃப், சான் டியேகோ, ஓக்லாந்து, சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய ஐந்தின் சராசரி. 60 பேர் உள்ள ஊரின் பட்டியலில் அதைச் சேர்ப்பது மாநிலத்தின் ஐந்து பெருந்துறைகளைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவதே. சங்கம் கேட்பதில் வியப்பில்லை.

இந்தச் சூத்திர முறை கொலராடோவிலும் உண்டு. அங்கே மாநில ரோந்துப் படையின் சம்பளம், 100 பேருக்கு மேல் உள்ள துறைகளில் சராசரிச் சம்பளம் உயர்ந்த மூன்றின் சராசரியில் 99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மத்திய அரசிலும் இதே கேள்வி ஒருமுறை எழுந்தது: நாடாளுமன்றம் 1988-இல் அமைத்த ஆணையம் மத்திய அதிகாரிகளின் சம்பளத்தை மாநில, உள்ளூர் காவல்துறைகளோடு ஒப்பிட்டு 1990-இல் அறிக்கை தந்தது, அதே ஆண்டு ஊதியச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. எதோடு ஒப்பிடுவது என்பதை முடிவு செய்தவுடன் பாதி விடையும் முடிவாகிவிடுகிறது.

பிற மாநிலம் சேர்ப்பது பற்றி. முதலில் சோஷியல் செக்யூரிட்டி, அதாவது மத்திய அரசின் முதியோர் பென்ஷன் திட்டம். ஓஹையோ காவலர்கள் அதில் இல்லை. மாநிலக் காவல்–தீயணைப்புப் பென்ஷன் நிதிக்குக் காவலர் 12.25%, நகரம் 19.5% என்று கட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவிலும் பல நகரக் காவலர்கள் அதில் இல்லை. வேறு மாநிலத்தில் அதில் இருக்கும் நகரத்தை எடுத்தால் காவலர் சம்பளத்தில் 6.2% பிடித்தம் உண்டு, பதிலுக்குப் பின்னாளில் இரண்டாவது ஒரு பென்ஷனும் உண்டு. ஒன்றைக் கழித்து மற்றதைக் கூட்டாமல் விட்டால் கணக்கு ஒருபக்கமாகச் சாயும். இந்த விஷயத்தில் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். இரண்டு பென்ஷன் வாங்குவோருக்கு இருந்த வெட்டுகளை 2025 ஜனவரி 5-இல் கையெழுத்தான சட்டம் நீக்கிவிட்டது, 2024 ஜனவரி மாதப் பலனிலிருந்தே.

இரண்டாவது, படிகளுக்குப் பின்னால் மாநிலச் சட்டம் இருக்கலாம். மாசசூசெட்ஸில் 1970-இல் வந்த க்வின் சட்டம் அசோசியேட் பட்டத்துக்கு 10%, இளங்கலைக்கு 20%, முதுகலைக்கும் சட்டப் பட்டத்துக்கும் 25% கல்விப் படி தந்தது. பாதியை மாநிலம் தர வேண்டும். 2009-இல் மாநிலம் கையை விரித்தது, அந்த ஜூலைக்குப் பின் வந்தவர்களுக்குத் திட்டமே இல்லை. நகரம் தன் பாதியை மட்டும் தந்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. ஆக, ஒரே ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு கல்விப் படி.

மூன்றாவது, வாஷிங்டன் மாநிலத்தில் காவலர் தகராறு கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகும். மேற்குக் கரையில் ஒத்த அளவுள்ள வேலையளிப்போரோடு ஒப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் மாநிலம் தழுவிய கட்டாய நடுவர் முறையை 2003-இல் ரிவர்சைடு கவுன்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சில நகரங்களின் சொந்தச் சாசனத்தில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட நகரம் உங்கள் 12-இல் இருந்தால் அடிக்குறிப்பு போடுங்கள்.

என்னைக் கேட்டால் பேராசிரியரின் வெளிமாநில ஆசையை ஒரு பக்கப் பின்னிணைப்போடு நிறுத்திவிடலாம். சான் ஹோசே பக்கத்தில் வீட்டு வாடகை கொடுப்பவர் டோலிடோ சம்பளத்தைப் பார்த்து வேலை மாறமாட்டார்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

நகரப் பட்டியலை மாற்றக் கேட்கலாம். ஆனால் சம்பள எண்களைத் திரட்டுவதற்கு முன்பே கேளுங்கள். எண் வந்தபின் ஒரு நகரத்தை எடுத்தாலோ சேர்த்தாலோ முடிவுக்கு ஏற்பப் பட்டியல் செய்ததாகத்தான் பேச்சு வரும்.

அளவுகோல் நான்கு போதும்: மக்கள்தொகை பாதியிலிருந்து இருமடங்குக்குள், காவலர் எண்ணிக்கை அதே விகிதத்தில், சொத்து மதிப்பீடும் விற்பனை வரி வருவாயும் ஏறக்குறைய ஒத்தது, காரில் போய்வரக்கூடிய தூரம். இவற்றைவிட வலுவான சான்று மனிதவளப் பிரிவில் இருக்கிறது: கடந்த ஐந்து ஆண்டில் விலகியவர்கள் எங்கே போனார்கள், வேறு துறையிலிருந்து வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள். பட்டியலில் இல்லாத ஒரு நகரம் உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தால் அது பட்டியலில் இருந்தே ஆக வேண்டும், மேலாளருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ.

சராசரி வேண்டாம், இடைநிலையைப் போடுங்கள். 12 நகரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வரியில் கொழிக்கும் ஒன்று இருந்தாலே சராசரியைத் தூக்கிவிடும். உங்கள் நகரத்தைச் சேர்க்காமல் 12-க்கு மட்டும் இடைநிலை எடுங்கள்.

எல்லா எண்ணும் ஒரே தேதிக்கு இருக்கட்டும். ஜூலை 1 நல்லது, நிதியாண்டுத் தொடக்கம். ஒப்பந்தம் முடிந்து பேச்சு நடக்கும் நகரங்களைத் தனி நிறத்தில் காட்டுங்கள். இன்று கீழே நிற்கும் நகரம் மூன்று மாதத்தில் முன்தேதியிட்ட உயர்வோடு மேலே வந்துவிடும். சில ஒப்பந்தங்களில் "சுற்றுவட்டார இடைநிலைக்குக் குறையாமல்" என்ற விதியே இருக்கும். உங்கள் நகரம் ஏற்றினால் அவர்களும் ஏறுவார்கள், அதனால் உங்கள் இடைநிலை மறுபடி ஏறும்.

ஒவ்வொரு நகரத்தின் வரிசையையும் தனித்தாளாக எடுத்து அந்தந்த நகர மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். "உங்கள் சம்பளம் என்ன?" என்று வெறும் படிவம் அனுப்பினால் பதில் வராது. நீங்களே நிரப்பி, "இதில் தவறு இருந்தால் திருத்துங்கள்" என்று அனுப்பினால் உடனே திருத்தம் வரும். பிறகு அதே தாளைச் சங்கத்துக்கும் முன்கூட்டியே காட்டுங்கள்.

---

பொதுநிர்வாக மாணவி:

கடைசியாக ஒன்று. மூன்று நகரங்கள் வேறு துறையிலிருந்து வருபவர்களுக்குச் சேர்க்கை ஊக்கத்தொகை தருகின்றன, ஒன்று 30,000 டாலர் என்கிறது. அதை எங்கே வைப்பது?

---

பெப்ரா பெருமாள் பதில்:

சம்பள அட்டவணைக்கு வெளியே, தனி வரி. ஒரே முறை தருவது, பென்ஷனில் கணக்காகாது, ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. எழுதும்போது எத்தனை தவணை, எத்தனை ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டையும் பக்கத்தில் போடுங்கள். சேர்ந்தவுடன் மூன்றில் ஒரு பங்கு, தகுதிகாண் பருவம் முடிந்ததும் இன்னொன்று, மூன்றாம் ஆண்டில் மீதி என்பது போலத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் முதல் நாள் அவர் கையில் வருவது வரிக்கு முன் 10,000. இதே நகரம் உச்ச ஸ்டெப்பில் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். அடிப்படையை ஏற்ற முடியாத இடங்கள்தான் பெரும்பாலும் இந்தத் தூண்டிலைப் போடுகின்றன.

---

பிரிவு 7கே பதில்:

அதோடு, அந்த நகரம் வெளியிலிருந்து வருபவரின் பழைய பணியாண்டுகளை விடுப்பு ஈட்டும் வீதத்துக்கும் பணிமூப்புப் படிக்கும் கணக்கில் எடுக்கிறதா என்று பாருங்கள். பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கு 30,000-ஐவிட அது பெரிய பணம். விளம்பரத்தில் இருக்காது, ஒப்பந்தத்தின் விடுப்பு அத்தியாயத்தில் ஒரே வாக்கியமாக இருக்கும்.